பார்வையிட்டு விடப்பட்டது

பறக்கும் படை என்று பெயர்.
புளியரைச் சாவடி ஓரத்தில்
ஒரே இடத்தில் பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்தோம்
நான்கு பேரும், வீடியோக்காரப் பையனும்,
தபால் ஆபீசில் இரவல் கேட்ட தராசும்.

பெண்ணைச் சோதிக்கப் பெண் வேண்டும்.
அதற்காக நான்.
மற்றபடி என் வேலை
டீ சொல்வது, பதிவேட்டில் கோடு போடுவது.

விடிகாலை நாலே கால்.
ஆரியங்காவு மலை தன் மேகத்தைக் கழற்றி
ரோட்டில் போட்டிருந்தது.
அதைக் கிழித்துக்கொண்டு வந்தது கல்யாண வேன்.
முன்கண்ணாடியில், ரோஜா வளையத்துக்குள் இரண்டு பெயர்:
குழல்வாய்மொழி, விபின்.
பின்னாலேயே, பெண்ணழைக்க வந்த புனலூர் கார்.

பெட்டியைத் திறந்தார் பெண்ணின் அப்பா.
காசுமாலை. முல்லைமொட்டு மாலை.
பச்சைக் கல் வைத்த பாலைக்கா மாலை.
வரிசையாகப் படமெடுத்து நின்ற நாகபட மாலை.
"அந்த ஊர் வழக்கத்துக்குச் செஞ்சது" என்றார்,
யாரும் கேட்காமலே.
ரசீது கேட்டோம்.
துண்டை எடுத்துப் பிடரியைத் துடைத்தார்.

காரிலிருந்து இறங்கிவந்தார் மாப்பிள்ளையின் அத்தான்,
வாய்ப்பாடு ஒப்பிப்பது போல:
"அறுபது பவன் உண்டு, சாரே. குறையாது."

வேனுக்குள், திரைச்சீலையை இழுத்துவிட்டு
நானும் அவளும்.
ஒட்டியாணம் மூச்சுக்கு இடம் தராமல் இறுக்கியிருந்தது.
நெற்றிச்சுட்டி வியர்வையில் சாய்ந்து கிடந்தது.
என் முகத்தை அவள் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தாள்:
மூட்டுவாயில் கறுத்துப்போன நான்கு வளையல்.
(அசல் நான்கும் கூட்டுறவு வங்கியில்.
அடகுச் சீட்டின் எண் எனக்கு மனப்பாடம்.)
அதன் பிறகுதான் வாய் திறந்தாள்.

"யக்கா, கம்மலும் இந்தச் சங்கிலியும் நெசம்.
மிச்சம் பூராவும் கவரிங்.
ரசீது இல்லன்னு பிடிச்சு வச்சுக்கிடுங்க.
எலெக்சன்ல போயிட்டுன்னு
காலம் பூரா சொல்லிக்கிடுவேன்."

என்ன ஒரு கணக்கு!
இல்லாத பவுனை
அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு
மணமேடை ஏறப் பார்க்கிறாள்.

ஆனால் கருவூலத்துக்கு மதிப்பீட்டாளர் வருவார்,
உரைகல்லோடு.
நாளை மறுநாள் பேப்பரில் நாலாம் பக்கம் வரும்,
பெயரும் ஊரும் போட்டு.
சொன்னேன்.
அவள் அழவில்லை. கண்மைக்காக இருக்கலாம்.
ஒட்டியாணத்தை ஒரு கொக்கி தளர்த்திவிட்டேன்.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இறங்கினால், சேசுராஜ் சார்
காசுமாலையைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்.
கேமரா ஓடுகிறது. அத்தான் எட்டிப் பார்க்கிறார்.
உள்ளங்கையில் வாங்கியவர்
ஒரு நொடி நின்றார்.
மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த கை.

பாரம் இறக்குவது போல
இரண்டு கையாலும் மெல்ல, மெல்ல
பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.
"தராசுல சார்ஜ் போயிட்டு" என்றார்.
தராசில் எண்கள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.
வீடியோக்காரப் பையன்
லென்சை மலைப் பக்கம் திருப்பினான்.

பதிவேட்டில் எழுதினேன்:
மணப்பெண் அணிகலன்கள். பார்வையிட்டு விடப்பட்டது.
அப்பா கையெழுத்துப் போட்டார்.
திருமலைக்குமார் என்பதில்
கடைசி மூன்று எழுத்தும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன.

வேன் வளைவில் மறைந்தது.
நல்லது செய்தேனா, தெரியாது.
ஆடி மழையில் என்றைக்காவது
புனலூர் அடகுக் கடையில் யாரோ உரசத்தான் போகிறார்கள்.
அங்கே இழுத்துவிடத் திரைச்சீலை இருக்காது.

மேசைக் காலடியில் ஒரு பச்சைக் கல் கிடந்தது,
பாலைக்கா மாலையிலிருந்து கழன்றது. கண்ணாடி.
எடுத்தபோது விரல்நுனியில் ஒட்டிக்கொண்டது.
பொருள், எடை, மதிப்பு, உரியவர் என்று
பதிவேட்டில் கட்டங்கள் இருக்கின்றன.
அடுத்து வந்த கோழி லாரி ஹாரன் அடிக்கும்வரை
பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தேன்.